ஐயாவுக்குப் படைத்த நாற்பது வருச வைன்

புளியம்பொக்கணை நாகதம்பிரான் துணை

அன்புத் தம்பி நிஷாந்தனுக்கு, கண்டாவளையிலிருந்து அக்கா கமலாசனி எழுதுவது. லண்டன் குளிரில் நீ சுகமாயிருக்க அந்தத் தம்பிரானே காவல். போனில் சொன்னால் இடையில் கத்துவாய். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நேற்று எங்கள் ஐயாவின் திவசத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், பக்கத்து வீட்டு முத்துலிங்கம் அண்ணை, படத்தில் ஐயா. தர்மிளாவின் தகப்பன் ராஜரத்தினத்தார் பிறகுதான் வந்தார்.

தர்மிளாவைப் பெண் கேட்கும் நாளில் அவருக்குக் கொடுக்கவென்று நீ அனுப்பிய, நாற்பது வருசம் மரப்பீப்பாவில் கிடந்த போர்ட் வைனைத் திறந்தாயிற்று. ஆத்திரப்படாதே. செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பதுதானே முறை, ஐயாவுக்குப் பிடித்தது ஊருக்கே தெரியும், சாராயம் வாங்க அத்தானை அனுப்பினால் அத்தான் திரும்பி வரமாட்டார், ஆகவே அலுமாரியைத் திறந்து ஒரு கிளாஸ் வார்த்து வைத்தேன். பார்த்தால் மண்ணிறம்!

"பழுதாப்போச்சு போல, பிள்ளை," என்றார் முத்துலிங்கம் அண்ணை. படைக்க முந்தி வாய் வைக்கக் கூடாதே. காகம் சோறெடுத்த பிறகுதான் ருசி பார்த்தார்கள். அத்தான் எரிச்ச சீனி என்றார். அண்ணை, "உமக்கென்ன தெரியும்? இது வறுத்த கச்சான் கடலை," என்றார். வழக்குத் தீர இன்னும் இரண்டு கிளாஸ் வேண்டியிருந்தது. நான் தொடவேயில்லை. கடைசியில் நெடுநேரம் நாக்கில் நிற்பது கொடிமுந்திரிகை வத்தல். அதை இருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ராஜரத்தினத்தார் வந்தார். "அண்ணை, தம்பி உங்களுக்கெண்டு அனுப்பினதுதான், ஆனா இப்ப இது படையல். சம்பந்தக் கதைக்கு ஆகாது," என்றேன்.

"நான் வயலுக்குப் போடுற பசளை விலை கேக்க வந்தனான். ஊத்துங்கோ."

குடித்தார். கண்ணை மூடினார். "தோடம்பழத் தோல்... பனங்கட்டி... இவ்வளவு பொறுமையான சாமானைத் தேடி எடுத்தவன் என்ரை பிள்ளையையும் பொறுமையா வைச்சிருப்பான். ஆனா படையல் போத்தில் கணக்கில்லை. இதே மாதிரி ஒண்டு மேசைக்கு வரட்டும், ஓம் எண்டுறன்."

ஆகவே தம்பி, காரியம் முக்கால்வாசி முடிந்தது. இன்னொன்று அனுப்பிவிடு. திருநீறு பூசாமல் வேலைக்குப் போகாதே. அத்தான் சுகம் விசாரிக்கிறார், படுத்தபடிதான்.

உன் அக்கா,
கமலாசனி

பி.கு: இப்போதுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். நேற்று வளர்பிறைத் தசமி. ஐயா தவறியது தேய்பிறைத் தசமி. ஆக, நேற்று நடந்தது திவசமே இல்லை, ராஜரத்தினத்தார் குடித்தது படையலும் இல்லை, ஐயா இன்னும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இதை அவரிடம் சொன்னால் அந்தப் போத்தலே சம்பந்தக் கணக்கில் சேரும், ஐயாவுக்கு ஒன்று அனுப்பினால் போதும். சொல்லாவிட்டால் இரண்டு. சொல்லட்டோ, விடட்டோ? கெதியாகப் பதில் போடு.