வயர்மேன் அண்ணனின் இரண்டேகால் கட்டை

பினாங்குத் தீவில் 'சரி' என்னும் சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் அறுபது ஆண்டுகளைக் கடந்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் சுங்கை பினாங்கு அடுக்ககத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த வயர்மேன் அண்ணன்தான். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். கேட்டவர்களிடம், "வயர்மேன்னு கூப்பிடுங்க, வந்துருவேன்" என்று முடித்துவிடுவார். மின்தூக்கியில் எட்டுப் பேர் மட்டுமே ஏறலாம் என்று அறிவிப்பு ஒட்டிய நாள்முதல், அவர் ஒன்பதாவது ஆளாக மட்டுமே ஏறினார். மருத்துவர் சீனியைக் குறைக்கச் சொன்ன அன்று மாலை, உணவுக்கடையில் தே தாரேக் தேநீருக்கு மேலும் இரண்டு கரண்டிச் சீனி கேட்டு வாங்கி, மருத்துவமனை இருந்த திசையை நோக்கி அமர்ந்து குடித்தார்.

வெள்ளிதோறும் கீழ்த்தள மண்டபத்தில் பஜனை நடக்கும். அண்ணனின் மனைவி லெட்சுமி அக்காதான் அதன் முதற்குரல். தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து அக்கா திரும்பியபோது குரல் பிழைத்திருந்தது. ஆனால் பல படிகள் கீழிறங்கி அங்கேயே குடியேறிவிட்டது. ஆர்மோனியம் வாசித்த மாஸ்டரோ ஐந்து கட்டைச் சுருதியைத் தவிர வேறொன்றும் அறியாதவர். பிள்ளையார் தொடங்கி எல்லாத் தெய்வங்களும் ஐந்து கட்டைக்கு ஏறிவந்துதான் அவருக்கு அருள்புரிந்தன. அக்கா இரண்டு வாரம் முயன்றார், எட்டவில்லை. மூன்றாம் வாரம், பாடாமல் கைத்தட்டிக்கொண்டு அமர்ந்திருக்குமாறு மாஸ்டர் கனிவோடு கேட்டுக்கொண்டார். அதன்பின், சோறு வடிக்கும்போது முணுமுணுக்கும் பாட்டைக்கூட அக்கா நிறுத்திவிட்டார்.

அண்ணன் நேரே மாஸ்டரிடம் போனார்.

"அவளுக்குத் தொண்டை எறங்கிப்போச்சு, மாஸ்டர். நீங்களும் கொஞ்சம் எறங்கி வாசிங்க லா."

"இருபது வருசமா அஞ்சு கட்டைதான், அண்ணே. ஒருத்தருக்காக மாத்த முடியுமா?"

"அந்த ஒருத்தருக்காக நான் வாத்தியமே செய்வேன்."

செய்தார். பழம்பொருள் சந்தையில் ஒரு மரச் சுருட்டுப்பெட்டி அகப்பட்டது. ஜெலுத்தோங் வட்டாரப் பட்டறையொன்று கழித்துப்போட்ட கட்டில் சட்டம் அதற்குக் கழுத்தாயிற்று. யாரோ ஒரு வெளிநாட்டு முதியவர் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியம் வாசிப்பதைக் கைப்பேசியில் பார்த்து, அவ்வகையிலேயே நான்கு நீண்ட தந்திகளையும், கழுத்தின் நடுவிலிருந்து புறப்படும் குட்டைத் தந்தி ஒன்றையும் கட்டினார். எந்தத் தந்தியையும் அழுத்தாமல் வெறுமனே மீட்டினாலே சுரங்கள் கூடி ஒலிக்கும்படி பாஞ்சோவுக்குச் சுருதி கூட்டுவார்கள். மின்கம்பி முறுக்கித் தடித்த அண்ணனின் விரல், ஒரு தந்தியைத் தொடப்போனால் இரண்டை அமுக்கும்; ஆகவே அம்முறை அவருக்கென்றே அமைந்திருந்தது.

ஆனால் அம்முறையிலும் பல வகைகள் உண்டு. எதைத் தேர்வது? இளமையில் சிறிது சங்கீதம் பயின்ற குற்றத்திற்காக நான் ஆலோசகனாக்கப்பட்டேன். முதலில் பஞ்சமம், ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்று கூட்டினோம். இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் அந்தக் காந்தாரம் எந்தப் பாட்டையும் கல்யாண வீடாக்கியது. கண்ணீர்விட்டு முறையிடும் வரிகளிலும் பல்லைக் காட்டிச் சிரித்தது. அடுத்த வகையில் ஓரத்தில் ஒரு ரிஷபம், பந்தி முடிந்தும் எழாத விருந்தாளியைப் போல் உட்கார்ந்திருந்தது. மூன்றாவதாக, முதல் வகையின் காந்தாரத்தைச் சற்றே முறுக்கி மத்திமமாக்கினார் அண்ணன். சிரிப்புமில்லை, அழுகையுமில்லை; கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பதைப் போன்ற ஓர் ஒலி.

"இவன்தான் நம்ம ஆளு" என்றார்.

அத்தோடு நின்றிருக்கலாம். மாஸ்டரை மாஸ்டரின் கட்டையிலேயே வெல்ல வேண்டும் என்று சொல்லி, அனைத்தையும் ஐந்து கட்டைக்கு ஏற்றத் தொடங்கினார். வேண்டாம் என்றேன், நான் அப்படிச் சொன்னதே பெரும்பிழை. இன்னும் வேகமாகத் திருகினார். கழுத்து வில்லாக வளைந்தது. பெட்டியின் மூடி எழும்பிச் சுவரிலிருந்த நாள்காட்டியை வீழ்த்தியது. அறுந்த தந்தியொன்று என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போயிற்று. சத்தம் கேட்டு அக்கா சமையலறையிலிருந்து வந்தார்.

"எனக்காகச் செய்றீங்களா, மாஸ்டருக்காகச் செய்றீங்களா?"

அண்ணன் திருகுவதை நிறுத்தி, கீழே கிடந்த நாள்காட்டியை எடுத்து மாட்டினார். 

மூடியை ஒட்டினார், கழுத்துக்கு அடியில் இரும்புப் பட்டை கொடுத்தார், புதுத் தந்தி கட்டினார். மறுநாள் அக்காவை நாற்காலியில் அமர்த்தி, "ஒனக்கு எது வருதோ அதப் பாடு. நான் அங்க வரேன்" என்றார். அக்கா தயங்கித் தயங்கி ஓர் ஓசையை எழுப்பினார். அண்ணன் குட்டைத் தந்தியை மயிரிழை மயிரிழையாகத் திருகி, அந்த ஓசையைத் தேடிப் போய்ச் சேர்ந்தார். மற்ற தந்திகள் அதைப் பின்தொடர்ந்தன.

என் சுருதிப்பெட்டியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டைக்கு மேலே, இரண்டரைக்குக் கீழே.

"அண்ணே, இது ரெண்டேகால். அப்படி ஒரு கட்டையே கெடையாது. கொஞ்சம் ஏத்தி ரெண்டரைல வச்சிருங்க."

"அவ தொண்டைய நீ ஏத்திக் குடு தம்பி, நான் தந்திய ஏத்துறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டியோடு அண்ணனும், பின்னால் அக்காவும் மண்டபத்துக்குள் நுழைந்தனர். அன்றும் தன்னால் பாட முடியவில்லையென்றால் இனி இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று அக்கா வீட்டிலேயே சொல்லியிருந்தார். மாஸ்டர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது வெள்ளக்காரன் சாமான், அண்ணே. பஜனைக்கு ஆவாது லா."

"ஒங்க ஆர்மோனியம் என்ன, சுங்கை பினாங்குல மரத்துல காச்சதா, மாஸ்டர்?"

கூட்டம் சிரிப்பை விழுங்கியது. அண்ணன் அமர்ந்து மீட்டினார். அக்கா பாடத் தொடங்கினார். முதல் அடி நடுங்கியது, இரண்டாவது நின்றது, மூன்றாவது நடந்தது. மாஸ்டரின் விரல்கள் இருபது ஆண்டுகளில் முதன்முறையாக ஐந்தைவிட்டு இறங்கின. இரண்டைத் தொட்டன, தாழ்ந்து ஒலித்தது. இரண்டரையைத் தொட்டன, மிகுந்து ஒலித்தது. இடையில் அவருக்குக் கட்டையே இல்லை. துருத்தியை மூடிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் மாஸ்டரின் முகத்தையே பார்த்தோம். அவர் எழுந்து போனால் பாதிக் கூட்டம் அவரோடு போய்விடும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்தது என்ன பாட்டு, அக்கா?"

அண்ணன் தலை நிமிரவில்லை. திருகவே தேவையில்லாத ஒரு தந்தியை நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தார்.

இப்போது இருவரும் தீவுக்கு வெளியே, கெப்பாலா பத்தாஸில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். என் வீட்டு மின்விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது. இருந்தும், வாருங்கள் என்றழைத்தால் மாட்டேன் என்பார் என்பதால், அது நின்றுவிட்டது என்று சென்ற வாரம் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், அக்காவையும் அந்தச் சுருட்டுப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு.