ரோஜா வைத்த கோட்டு

கோட்டுக் காலரில் ஒரு சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டால் எந்த ஆணும் அழகாகிவிடுவான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே முடிவுசெய்து, நானாகவே கெட்டேன்.

மும்பை செம்பூர் ஸ்டேஷனில் தினமும் காலையில் ஒரு பெண் என்னைப் பார்ப்பாள். (அப்படித்தான் ஒரு வருஷம் நம்பினேன். என் தலைக்கு மேலே ரயில் நேரம் காட்டும் இண்டிகேட்டர் தொங்கியதை யோசிக்கவே இல்லை.) பேசியதில்லை. அவள் தோழி கூப்பிட்டதில் ரேவதி என்ற பெயர் மட்டும் தெரியும். அந்தத் தோழியைத்தான் என் ஆபீஸ் நண்பன் கல்யாணம் செய்துகொண்டான். ரிசப்ஷனுக்கு ரேவதி வராமல் இருப்பாளா? அன்று எப்படியும் பேசிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மாட்டுங்காவில் ரோஜா வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். அங்கே தையல் பட்டறை வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு கறுப்புக் கோட்டை இரவல் கொடுத்து, பூவையும் ஊக்கால் குத்திவிட்டார்.

"மாப்ள, ஸ்டேஜ்ல நிக்கவன விட்டுட்டு எல்லாரும் ஒன்னையத்தான் பாப்பாவ."

பார்த்தார்கள். ஹாலுக்குள் நுழைந்ததுமே ஒருவர் காலித் தட்டை என் கையில் கொடுத்தார். இன்னொருவர், "பையா, பானி!" என்று தண்ணீர் கேட்டார். திரும்பிப் பார்த்தேன். பஃபே மேஜைகளுக்குப் பின்னால் கேட்டரிங் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் கறுப்புக் கோட்டு, சிவப்பு ரோஜா. (கோட்டு என்னைவிட அவர்களுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.)

பூவைப் பிடுங்கக் கை போன நேரத்தில் ரேவதி நேராக என்னிடம் வந்தாள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வாக்கியத்தை நான் தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"பையா, தஹி சாவல் மிலேகா?"

"தயிர்சாதமா?" என்றேன்.

"தமிழா நீங்க? நல்லதாப் போச்சுண்ணா. அம்மாக்கு அல்சர், இங்க எல்லாமே காரம். கொஞ்சம் பாருங்களேன், ப்ளீஸ்."

நான் விருந்தாளி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்கிறாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சமையல்கட்டில் கெஞ்சிச் சோறும் தயிரும் வாங்கி, நானே பிசைந்து, மாதுளை முத்து தூவிக் கொண்டுபோனேன். அவள் அம்மா ரசித்துச் சாப்பிட்டார். ரேவதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சத்தியமாக என்னைத்தான். அந்தச் சிரிப்புக்காக ஹால் முழுவதற்கும் நானே பரிமாறியிருப்பேன்.

"ஒன் நம்பரக் குடு தம்பி" என்றார் அம்மா. "தை மாசம் இவளுக்குக் கல்யாணம். ஒங்க ஆளுங்களையே வெச்சுக்கறோம்."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவளுடைய மொபைலில் நான் இருப்பேனே என்று ஓர் ஆசை. என் பெயரைக்கூடக் கேட்காமல் 'கேட்டரிங் அண்ணா' என்று போட்டுக்கொண்டாள்.

போன் வரவில்லை. அந்தத் தை போய் எத்தனையோ தை வந்தாயிற்று. எனக்கும் கல்யாணமாகி, மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நம்பரை மட்டும் நான் மாற்றவில்லை. கதை தெரிந்த என் மனைவி, புது நம்பரிலிருந்து போன் வந்தால் போதும், "உங்கப்பாக்கு ஆர்டர் வந்திருக்குடி!" என்று மகளிடம் கத்துவாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரித்துவிட்டு, தொண்டையைக் கொஞ்சம் செருமிக்கொண்டுதான் போனை எடுப்பேன்.