தூணில் பதினோராவது பெயர்

கான்ஸ்டான்ட்சா,
ஜூன் 4, 1938

பெருமதிப்பிற்குரிய ‘துறைமுகக் குரல்’ ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற விமானி ஒக்டேவியன் நியாகோயே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். அதுதான் என் புகாரே.

நம் விமானிகளுக்காகக் கடற்கரையில் எழுப்பிய நினைவுத்தூணில், உயிர்நீத்தவர் வரிசையில் பதினோராவது பெயர் என்னுடையது. ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் விமானம் கடலில் விழுந்தது. நான் நீந்திக் கரையேறினேன். மெக்கானிக் சாண்டு கோஜோகாரு கரையேறவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்று அவசரமாகப் போன தந்தியில் இறந்தவன் என்று என் பெயர் போய்விட்டது, பிறகு தூண் கட்டியவர்கள் அந்தத் தந்தியைப் பார்த்தே கல்லில் வெட்டிவிட்டார்கள். என் பெயரை எடுத்துவிட்டு சாண்டுவின் பெயரைப் போடுங்கள் என்று நினைவுத்தூண் குழுத் தலைவர் கர்னல் மவ்ரோடினிடம் நடையாய் நடந்தேன். “அவன் மெக்கானிக்தானே, விமானி இல்லையே” என்கிறார். அவன் என்ன என்னைவிடத் தாழ்வான உயரத்திலிருந்தா விழுந்தான்?

“ஏன் சார் இப்படி அவசரப்படுறீங்க? உயிரோட இருக்கும்போதே சிலுவையில பேர் வெட்டி வைக்கிறது நம்ம ஊர்ல புதுசா? கல்லறையில என் பேரு பத்து வருஷமா இருக்கு. கொஞ்சம் பொறுங்க, தானா சரியாயிடும்” என்று கர்னலே எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

நேற்று முன்தினம் விண்ணேற்றத் திருநாள், மாண்ட வீரர்களுக்கு நாம் அஞ்சலி செலுத்தும் நாள். வழக்கம்போல் தூணடியில் ஒவ்வொரு பெயராக வாசிக்க, சிப்பாய்கள் “தாய்நாட்டுக்காக உயிர்நீத்தார்!” என்று முழங்கினார்கள். என் பெயர் வந்ததும் அடக்க முடியவில்லை ஐயா. “இருக்கேன்யா!” என்று கத்திவிட்டேன். இரண்டு காவலர்கள் வந்து என்னை அலாக்காகத் தூக்கினார்கள்.

“செத்தவங்களுக்கு மரியாதை செய்ற இடத்துல என்ன பெருசு, கூச்சல்?”

“அந்தச் செத்தவனே நான்தான்டா!”

பாதிரியார் மட்டும் பாவம் பார்த்து, என் ஆத்மசாந்திக்காக வேகவைத்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி என் கையிலேயே வைத்தார். தின்றேன். சர்க்கரை போதவில்லை.

சாண்டுவின் மனைவி ஔரிகா மாலையை எங்கே வைப்பாள்? எனக்கா வைப்பாள்? வயிறு எரிகிறது ஐயா. இதைத் தாங்கள் அவசியம் பிரசுரிக்க வேண்டும்.

ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், பெயரைக் கல்லில் வெட்ட அது முடியும்வரை காத்திருக்கும் ஒரு குழுவும் அருள்வானாக.

இங்ஙனம்,
இன்னும் சாகாத,
ஒக்டேவியன் நியாகோயே

பி.கு.: உறையில் போடுமுன் இதை ஔரிகாவுக்குப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். “வேண்டாங்கய்யா. கல்லுல பேரு இருக்கிற நீங்களே திரும்பி வந்துட்டீங்க. பேரே இல்லாத மனுஷன் வரமாட்டாரா?” என்றாள். அவன் மூழ்கியதை என் கண்ணால் பார்த்தேன் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இன்றும் வாய் வரவில்லை. ஆகையால் தயவுசெய்து இதைப் பிரசுரிக்காதீர்கள். நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.