கைசருக்கு எழுதாத மாத்திரை

வடிவம்மாள் அக்கா சொன்ன இந்தக் கதையில் ஓர் இடத்தை நான் வருஷக்கணக்காக நம்பவில்லை. "கடைசி நாள் வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி" என்பாள். என் ஞாபகத்தையே நான் முழுசாக நம்புகிறவனில்லை. ஆகவே மற்றதையெல்லாம் அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் நடந்தது. திருவனந்தபுரம் கரமனையில் அக்காவின் வீட்டுக்காரர் தாணுமாலயன், ஐம்பத்தெட்டு வயதில், அரைமணிக்கொருதரம் கொல்லைப்பக்கம் ஓடத் தொடங்கினார். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் காரியம் நடக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி அழைப்பு.

வேறு யாராயிருந்தாலும் வெளியே சொல்லிவிடலாம். அவரால் முடியாது. அக்காவின் தம்பி பிச்சையா, போனக்காடு எஸ்டேட் கிளார்க், ஒருமுறை மலையிறங்கி வித்துரா போய்ச்சேர்வதற்குள் மூத்திரம் போக மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அவருக்கு 'மூணு ஸ்டாப்' என்று பெயர் வைத்துக் கல்யாண வீடுதோறும் பரப்பியவர் இந்தத் தாணுமாலயன்தான். இப்போது பிச்சையா மகள் சுஜாவுக்கு நிச்சயதார்த்தம். இன்னும் ஒரே மாதம். அதே மலைரோடு. பக்கத்து சீட்டில், சொந்தக்காரர்களைக் கூட்டிப்போக வேனோடு வரும் அதே பிச்சையா.

யாருக்கும் தெரியாமல் டாக்டரைப் பார்த்தார்.

"புராஸ்டேட் வீங்கியிருக்கு. பயப்படாண்டாம். பிரசோசின் எழுதுறேன். பிரஷருக்குக் கொடுக்கிற மருந்துதான். மூத்திரப்பை வாயில இறுகிக் கிடக்கிற தசையையும் தளர்த்தும். ஆனா பிரஷர் இறங்கும். தின்னதும் படுத்திரணும். சட்டுனு எழுந்தா விழுந்துருவீங்க."

சீட்டைப் பார்த்ததும் தாணுமாலயன் முகம் மலர்ந்தது. இதே பெயர்! போன மாதம் அவர்கள் வீட்டு நாய் கைசருக்குக் கல் எடுத்த பிறகும் மூத்திரம் அடைத்துக்கொண்டபோது மிருக டாக்டர் கொடுத்ததும் இதுதான். ஒரே வாரத்தில் கைசர் தெருவிலுள்ள லைட் கம்பம் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

திட்டம் பிறந்தது.

"வடிவு, கைசருக்கு இன்னும் ஒரு மாசம் கொடுக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"டாக்டர்னா டாக்டர்தான்!"

"சரி, இங்க கொண்டாங்க. நீங்க மறந்துருவிய."

மாத்திரை அட்டை அலமாரிக்குள் போனது. சாவி அக்காவின் இடுப்புக்குப் போனது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு மாத்திரையை ஓர் உருண்டைக்குள் பொதிந்து நாய்த்தட்டில் வைத்துவிட்டு அக்கா சீரியல் பார்க்கப் போனாள். இருபத்தேழு வருஷம் செக்ரட்டேரியட்டில் கையெழுத்துப் போட்ட தாணுமாலயன் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் கைசரைத் தள்ளி, மறுகையால் உருண்டையை எடுத்து விழுங்கினார்.

படுக்க மறந்தார். ஒரு மணிநேரம் கழித்து போன் அடித்தது. துள்ளி எழுந்தார். வீடே சுற்றியது. கைசர் மேலேயே சாய்ந்தார்.

"மாத்திரை தின்னது கைசர். தலைசுத்து உங்களுக்கா?"

"பாசம் வடிவு. அவனுக்கு ஒண்ணுன்னா எனக்கும் செய்யும்."

"அப்பம் நாளையிலேருந்து ரெண்டு பேரும் சேந்து படுங்க."

மறுநாள் நாய்த்தட்டுக்குப் பக்கத்தில் பாயும் தலையணையும் வந்தன.

ஒரு மாதத்தில் மருந்து பிடித்தது. ஓட்டம் குறைந்தது. கைசர் அவரைக் கண்டு வாலாட்டுவதும் நின்றது.

நிச்சயதார்த்த வேன் கிளம்பியது. வித்துராவில் நிறுத்தியதும் வண்டியே காலி. தாணுமாலயன் மட்டும் சிம்மாசனத்தில் இருப்பதுபோல் இருந்தார்.

"அத்தான், இறங்கலியா?" என்றார் பிச்சையா.

"எனக்கெதுக்குடே? நீ போ. ஒனக்குத்தானே மூணு ஸ்டாப்பு!"

போனக்காட்டில் மாப்பிள்ளை வீட்டாரோடு நாற்பது பேர் சாப்பிட்டுக் கைகழுவி உட்கார்ந்திருந்தார்கள். வடிவம்மாள் டிபன் டப்பாவைத் திறந்து உருண்டையை அவர் கையில் வைத்தாள்.

"கைசரைக் கூட்டிட்டு வரல்லே. இன்னைக்கு நீங்களே நேரா தின்னுருங்க. தின்னுட்டு சட்டுனு எந்திரிக்காதிய."

பிச்சையா தன் சட்டைப்பையிலிருந்து அதே மாத்திரையின் இன்னோர் அட்டையை வெளியே எடுத்தார்.

"தண்ணி நான் கொண்டாறேன் அத்தான். எனக்கும் நேரமாச்சு."

போன மாதம் அக்காவைப் பார்த்தேன். அதே சத்தியம்தான். "நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளுதான் தம்பி தெரிஞ்சுது. அதுவரைக்கும் கைசர்தான் திங்குதுன்னு நெனச்சேன்."

உருண்டையை எப்படிச் செய்தாள் என்று விசாரித்தேன்.

"மொத நாளுலேருந்து ஒரே பக்குவந்தான். ஏத்தம்பழம், வெல்லம், நெய், ரெண்டு ஏலக்காய்."

இத்தனை வருஷச் சந்தேகத்தைக் கேட்டே விட்டேன்.

"நாய்க்கு எதுக்கு அக்கா ஏலக்காய்?"