மூன்று துண்டான ஒற்றை ரூபாய்

நான் காட்டிய மேஜிக்குகளிலேயே பார்த்தவர்களை மொத்தமாக வாயடைக்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். அதை நான் செய்யவில்லை, தானாக நடந்தது. அதுவும் என் நிச்சயதார்த்தத் தட்டில், நாற்பது சொந்தக்காரர்கள் முன்னிலையில், நல்ல நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் நான் மேற்பார்வையாளர். அச்சிலிருந்து பிள்ளையாரையும் யானையையும் தும்பிக்கை உடையாமல் கழற்றிச் சூளைக்கு அனுப்புவது வேலை. இந்த விரல்களுக்கு இவ்வளவு நிதானம் இருக்கிறதே, இதை உலகம் பார்க்க வேண்டாமா என்று ஒருநாள் எனக்குத் தோன்றிவிட்டது. (உலகம் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.) போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நாணய மேஜிக் கற்றுக்கொண்டேன். பிறகு மேஜிக் சாமான் விற்பவர்களிடம் தபாலில் மூன்று காசு வாங்கினேன்.

மூன்றுமே பார்வைக்குச் சாதாரண ஒரு ரூபாய்தான். ஒன்று ஓட்டுக் காசு. உள்ளே குடைந்து தோல்போல ஆக்கியது, இன்னொரு காசின் மேல் தொப்பியாகக் கவிழ்ந்துகொள்ளும். இரண்டாவது காந்தக் காசு. மூன்றாவதுதான் இந்தக் கதையின் வில்லன், மடிப்புக் காசு. நிஜ ரூபாயை நெடுக்காக மூன்று துண்டாய் அறுத்து, விளிம்பைச் சுற்றி முடி கனத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் பொடி ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டிருப்பார்கள். அழுத்தினால் மடங்கிக் குறுகி பாட்டில் வாய்க்குள் போய்விடும். உள்ளே விழுந்ததும் ரப்பர் இழுத்துப் பழையபடி முழு ரூபாயாகும். பார்க்கிறவருக்குக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு காசு போன மாதிரி இருக்கும்.

வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. ஓட்டுக் காசு கீழே விழுந்தால் நசுங்கிவிடும், அதற்குத் தனியாகப் பஞ்சு வைத்த டப்பா. நம் ஊர் ஒரு ரூபாயே காந்தத்தில் ஒட்டும் என்பதால் காந்தக் காசை மற்றதோடு போட்டால் எல்லாம் கொத்தாக ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும், அதற்கு வேறு டப்பா. மடிப்புக் காசுக்கு எண்ணெய் ஆகாது, தண்ணீர் ஆகாது, சூடு ஆகவே ஆகாது. பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் சில மாதத்துக்கு ஒருமுறை ரப்பரை மாற்ற வேண்டும். என் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இந்த அக்கறைய உன் பனியன் மேல காட்டுனா அது ஓட்டை வுழாம இருக்கும்டா" என்பார்.

அப்போது எனக்கு முப்பத்தொன்று. ஐந்து இடம் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. ஆறாவதாகப் பார்த்ததுதான் பெண்ணாடத்துக் கவிதா. அவள் அப்பா கரும்பு விவசாயி, அதிகம் பேசாதவர். பெண் பார்க்கப் போன அன்று எங்களைப் பேசச் சொல்லி முற்றத்தில் விட்டார்கள். பொழுதுபோக்கு என்ன என்று அவள் கேட்டாள். புத்தகம் படிப்பேன் என்று பொய் சொல்ல நினைத்து, வாய் தவறி மேஜிக் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்ற ஐந்து பெண்களாக இருந்தால் அத்தோடு எழுந்து போயிருப்பார்கள். கவிதா சிரித்தாள். "நிச்சயத்துக்கு வரும்போது காட்டுங்க" என்றாள். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை அவளுடைய தாய்மாமன். அரசு பஸ்ஸில் கண்டக்டர். அக்கா மகளுக்குக் கவர்ன்மெண்ட் மாப்பிள்ளைதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். பொம்மை கம்பெனிக்காரனுக்கா கொடுப்பது என்று கடைசிவரை முறுக்கிக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், இதை நிறுத்திவிடுவார் என்று தரகர் எங்களை எச்சரித்திருந்தார். அந்தச் சாக்கை நான் என் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போனேன்.

நிச்சயத்துக்கு முதல் நாள் என் புத்தி செய்த காரியத்தைச் சொல்கிறேன். கவிதா பார்க்கப்போகிற காசு பளபளப்பாக இருக்க வேண்டாமா? மடிப்புக் காசைப் பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சீக்கிரம் காயட்டும் என்று சூளை மேல் தட்டில், காய்ந்துகொண்டிருந்த பன்னிரண்டு யானைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரப்பரைக் கழற்றவில்லை. எடுத்தபோது காசு வெள்ளிபோல மின்னியது. ரப்பர் அப்பளமாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒருமுறை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. போதும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பெண்ணாடம். பழம், பூ, புடவை என்று பதினொரு தட்டோடு போய் இறங்கினோம். எல்லாம் முறைப்படி நடந்தது. தட்டு மாற்றும் நேரம் வந்தது. வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் பணத்தை வைத்து, அதன்மேல் ஒற்றை ரூபாய் வைத்துக் கொடுக்க வேண்டும். முழுத்தொகை முற்றுப்புள்ளி மாதிரி, ஒரு ரூபாய் சேர்ந்தால்தான் உறவு தொடரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் அப்பா சட்டைப்பையைத் தடவினார். பிறகு இடுப்பைத் தடவினார். பிறகு என் சித்தப்பாவைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரிடமும் ஒரு ரூபாய் இல்லை. டீக்கடையிலிருந்து பூக்கடை வரை எல்லாரும் போனில் பணம் அனுப்புகிற காலம், யார் காசு வைத்திருக்கிறார்கள்? அத்தைமார்கள் கைப்பையைக் கவிழ்த்தார்கள். ஊக்கு, மாத்திரை, பழைய பஸ் டிக்கெட் எல்லாம் விழுந்தது, ரூபாய் விழவில்லை. ஒரு ரூபாய் ஒட்டியே விற்கிற கவரை அம்மா வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். மயில் படம் அழகாக இருக்கிறதென்று காசு ஒட்டாத கவரை வாங்கியிருந்தார். என் சித்தப்பா மகன், பெண்ணின் அப்பாவுக்குப் போனில் ஒரு ரூபாய் அனுப்பிவிடலாமா என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தான். பெண் வீட்டில் கேட்கலாமே என்று யாரோ முணுமுணுக்க, அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "பொண்ணு வூட்டுல போயி ஒத்த ரூவா கேக்கறதா? தூக்குல தொங்கலாம்" என்றார். அய்யர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் தாய்மாமன் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் பரவியது.

அப்போதுதான் நான் பெருமையாகக் கையைப் பைக்குள் விட்டேன்.

இங்கே ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தெரிந்தேதான் எடுத்தேன். தட்டில் வைத்ததை யார் எடுத்து அமுக்கிப் பார்க்கப்போகிறார்கள்? சாமி படத்துக்கு முன்னால் போய் உட்காரப்போகிறது, சாப்பாட்டு நேரத்தில் நிஜ ரூபாய் வாங்கி மாற்றிவிடலாம். இதுதான் என் கணக்கு. அப்பா என்னை நன்றியோடு பார்த்தார். பளபளவென்று மின்னிய அந்த ரூபாயை வெற்றிலை மேல் பக்தியோடு வைத்துப் பெண்ணின் அப்பாவிடம் தட்டை நீட்டினார். அவர் வாங்கி, முறைப்படி, மைத்துனரான அந்தத் தாய்மாமன் கையில் கொடுத்தார்.

வேறு யாராக இருந்திருந்தாலும் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுக் கீழே வைத்திருப்பார்கள். அவர் கண்டக்டர். இருபத்திரண்டு வருடமாக ஒரு காசு கைக்கு வந்தால் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, ஒரு அமுக்கு, அப்புறம்தான் பைக்குள் போடுவார். அவர் புத்தி தட்டைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அவர் கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது.

காசு வாயைத் திறந்தது. டப் என்று ரப்பர் தெறித்தது. ஒரு துண்டு குங்குமச் சிமிழுக்குள் விழுந்தது, இன்னொன்று வாழைப்பழச் சீப்புக்குள் போனது. நடுத்துண்டு அவர் விரலிடுக்கில் நின்றது. காசைப் போலவே நாற்பது வாயும் திறந்தன.

யாரோ ஒரு அத்தை, நிச்சயத் தட்டில் ரூபாய் உடைந்தால் என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டார். தாய்மாமன் நடுத்துண்டைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னாதுங்க இது?"

நான் எழுந்து நின்றேன். எவ்வளவோ சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அது உடையலைங்க மாமா. அது அப்படித்தான்."

"ரூவா அப்படித்தான் இருக்குமா?"

மேஜிக் காசு என்று சொன்னேன். மூன்று துண்டு, பள்ளம், ரப்பர், சூளை, பன்னிரண்டு யானை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தெரிஞ்சேதான் வச்சிங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் காது வரை சிவந்திருந்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு செல்லாத நோட்டைக்கூட யாருக்கும் தள்ளிவிட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. கவிதா கிடைக்கமாட்டாள் என்று ஒரு பக்கம், அப்பாவை நாற்பது பேர் முன்னால் கள்ளக்காசு கொடுக்க வைத்துவிட்டேன் என்று ஒரு பக்கம். தாய்மாமன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "வேணாம் மாமா, யோசிச்சிக்குவோம்" என்று கவிதாவின் அப்பாவிடம் சொன்னார்.

அறை வாசலில் கவிதா வந்து நின்றாள். அவள் அம்மா பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"நான்தான் மாமா அவர மேஜிக் காட்டச் சொன்னேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ரப்பர்தான வேணும்? சேத்துக் காட்டுங்க, பாப்பம்" என்று சடை நுனியில் குஞ்சலத்துக்கு மேலே சுற்றியிருந்த பொடி ரப்பரைக் கழற்றி நீட்டினாள்.

பிள்ளையாருக்குத் தந்தம் ஒட்டும் விரல்கள் அன்று சொன்னபடி கேட்கவில்லை. முதல் முறை ரப்பர் வழுக்கி அய்யர் மேல் போய் விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை பள்ளத்தில் உட்கார்ந்தது. ஒரு பக்கம் குங்குமமும் ஒரு பக்கம் வாழைப்பழமுமாக, ரூபாய் முழு ரூபாயானது. தாய்மாமனிடம் கொடுத்தேன். அவர் அமுக்கினார், மடங்கியது. விட்டார், சேர்ந்தது. மறுபடி அமுக்கினார். ஆறு ஏழு முறை அமுக்கினார். ஏழாவது முறை அவர் மீசை அசைவதைப் பார்த்தேன்.

"இது பாட்டில்ல போவுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

காலிக் கலர் பாட்டில் ஒன்று வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு. காசு உள்ளே விழுந்து கிணிகிணி என்றது. அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அடியைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, காதருகே ஆட்டிக் கேட்டார். "இந்த மாரி காச ஒருத்தன் என் வண்டியில குடுத்திருந்தா எறக்கி வுட்டிருப்பேன்" என்று சிரித்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள். என் அம்மா சிரிக்கவில்லை, அவருக்குச் சிரிப்பு வர ஆறு மாதம் ஆனது.

அய்யர் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றார். மறுபடியும் எல்லாரும் அசடு வழிந்தோம், ரூபாய் இன்னும் இல்லையே. டூட்டி முடிந்து நேராக வந்திருந்த தாய்மாமன் ஆணியில் மாட்டியிருந்த தோல்பையை எடுத்தார். அதில் ஒரு கை காசு இருந்தது. ஒரு ரூபாயைப் பொறுக்கி, வழக்கம்போல அமுக்கிப் பார்த்து, என் அப்பா கையில் வைத்தார். அப்பா தயங்கினார். பெண் வீட்டுக் காசை எப்படிப் பெண் வீட்டுக்கே வைப்பது?

"வாங்கிக்குங்க" என்றார் அவர். "விருத்தாசலம் வண்டிதான நம்பளது. நீங்க எப்பவாவது ஏறியிருப்பீங்க. அப்பக் குடுத்த காசுதான் இது."

அப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டில் வைத்தார்.

அன்றிலிருந்து நான் அந்தக் குடும்பத்தில் 'மடக்கு மாப்ள'. மிக்ஸி ஜார் விரிசல் விட்டாலும், நாற்காலிக் கால் போனாலும், மச்சான் பரீட்சையில் கோட்டை விட்டாலும், "அது உடையலைங்க, அது அப்படித்தான்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். பட்டறை வரைக்கும் பரவிவிட்டது. சூளையிலிருந்து காது போன யானை வந்தால் வேலையாட்கள் என்னைப் பார்த்து அதையே சொல்கிறார்கள். மடிப்புக் காசு இன்னும் இருக்கிறது. ரப்பர் மாற்றும் பொறுப்பைக் கவிதா எடுத்துக்கொண்டாள், என்னை நம்பி அதைக் கொடுப்பதில்லை.

போன மாதம் மச்சானுக்கு, கவிதாவின் தம்பிக்கு, நிச்சயம். அன்று பெண் வீட்டாராக இருந்தவர்கள் இந்த முறை மாப்பிள்ளை வீட்டார், நானும் அவர்கள் வரிசையில். தட்டு மாற்றும் நேரத்தில் மறுபடியும் அதே கதை, யாரிடமும் ஒரு ரூபாய் இல்லை. தாய்மாமன் ஓய்வு பெற்றுவிட்டார், தோல்பையும் இல்லை. மூக்கு அரித்தது, கைக்குட்டை எடுக்கலாமே என்று நான் பைக்குள் கையை விட்டேன். எங்கள் வரிசையே பதறிப்போனது. "மாப்ள, கைய வெளிய எடுங்க" என்றார் தாய்மாமன்.

கவிதா தன் பர்ஸைத் திறந்தாள். உள்ளறையில் மஞ்சள் துணியில் முடிந்து ஒரு ரூபாய் இருந்தது. எங்கள் நிச்சயத் தட்டில் வைத்த அதே காசு, தன் அப்பாவிடம் கேட்டு அன்றே வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். இத்தனை வருடம் எனக்கு அது தெரியாது. தாய்மாமன் வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. தட்டில் வைத்தார்.

எதற்காக இதைச் சுமந்துகொண்டே திரிகிறாய் என்று திரும்பும்போது கேட்டேன்.

"உங்களக் கட்டிக்கிட்டு ஒரு நல்ல காசு கையில இல்லாம வெளிய வர முடியுங்களா?" என்றாள்.