எல்லைக்கு வெளியே வாத்தியார்

அனுமதிச் சீட்டைப் பையிலேயே விட்டுவிட்டுச் சட்டையைத் துவைக்கப் போட்டது வாத்தியாரேதான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை. காலையில் கையில் மிஞ்சியது வெள்ளையாய் ஒரு காகித உருண்டை.

"இது சீட்டு இல்ல சார்," என்றாள் ஏழாம் வகுப்பு வாசலில் ஸ்கேலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்ற கண்ணாடிக்காரச் சிறுமி. இன்றைய எல்லைக் காவல் அவள்தான். "விதி ஒன்பது. சீட்டு இல்லாம யாரும் நாட்டுக்குள்ள வரக் கூடாது."

விதி ஒன்பதை எழுதியதும் வாத்தியார்தான். ஒன்பது என்ன, அறுபத்திரண்டு விதிகளையும் அவரே உட்கார்ந்து எழுதினார். வகுப்பறை ஒரு நாடு, பிள்ளைகள் குடிமக்கள், வெளியிலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்நியர்கள். இந்த ஒரே ஆட்டத்தில் வரலாறு, அறிவியல், கணக்கு, மொழி எல்லாம் தானாக மண்டைக்குள் இறங்கிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பாடப்புத்தகத்தைத் திறப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். மற்ற ஆசிரியர்கள் 'ஆட்டக்காரர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

வாசலில் சோதனை முடிந்து அவர் உள்ளே போக தினமும் அரை மணி ஆகும். 'ஆஹா, என்ன ஈடுபாடு!' என்று பூரித்துப்போவார். ஆட்டம் தொடங்கிய மூன்று வாரத்தில் வகுப்பின் மதிப்பெண் வேறு கிடுகிடுவென ஏறியிருந்தது. உடனே வரைபடம் போட்டு, பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதி, கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். இன்று அதிகாரி நேரில் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆகிவிடுவார். வகுப்பெடுக்கும் தொல்லை ஆயுசுக்கும் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் வாத்தியார் வாசலுக்கு வெளியே நின்றால் நன்றாகவா இருக்கும்?

"இன்னிக்கு மட்டும் விட்டுடும்மா."

"மனு எழுதிக் குடுங்க சார். விதி பத்து."

தாளைச் சுவரில் வைத்து, கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தார். அவள் நிதானமாகப் படித்தாள்.

"காரணம் 'அவசரம்'னு போட்டிருக்கீங்களே சார். விதி பதினொன்னு, அவசரப்படறவங்களைச் சந்தேகப்படணும்."

"அட, இந்த ஆட்டத்தை உண்டாக்கினவனே நான்தானே!"

"அப்படிச் சொல்லிக்கிட்டு வர்றவங்கதான் ஒற்றர். விதி முப்பது. பதினாலு நாள் தனியா நிக்கணும். ஒரு நாளுக்கு ஒரு நிமிஷம்." சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டாள். "உள்ள நில்லுங்க சார்."

நின்றார். பன்னிரண்டாவது நிமிஷத்தில் தும்மினார்.

"நோயும் இருக்கா? அப்ப மறுபடி முதல்லேர்ந்து."

தவளை தன் வாயால் கெடும். வாத்தியார் மூக்காலும் கெட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஏன் சார் வட்டத்துக்குள்ள நிக்கறீங்க?"

"நான்... ஒற்றன் மேடம்."

"அப்படித் தெரியலையே. ஒற்றனுக்குக் கொஞ்சமாவது மூளை வேணுமே."

அதிகாரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே நாற்பது தலைகள் குனிந்திருந்தன. பேனாக்கள் ஓடும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கரும்பலகை அருகே ஒருத்தி மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை சார். வாத்தியார் வெளிய நிக்கறார், உள்ள ஈ பறந்தாக்கூடக் கேக்கும்! என்ன பண்றாங்க?"

வாத்தியாருக்கும் தெரியாதுதான். இந்த நேரத்தில் அவர் உள்ளே இருந்ததே இல்லை. "சட்டம் போடறாங்க சார்," என்று அடித்துவிட்டார். "போர்டுகிட்ட நிக்கறது பிரதமர்."

"பிரமாதம்! அடுத்த மாசமே உங்களைப் பயிற்சியாளரா போட்டுடறேன். எல்லாப் பள்ளிக்கும் இதைக் கொண்டுபோங்க. பிள்ளைங்க வாயால ஒரு வார்த்தை மட்டும் கேட்டுக்கறேன்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணியாகத் தன்னை வாட்டிய பெண்ணைப் பெற்ற மகளைப்போலப் பார்த்தார்.

"சொல்லும்மா," என்றார் அதிகாரி. "மூணு வாரத்துல மார்க் எப்படி இவ்வளவு ஏறுச்சு?"

சிறுமி முதல் தடவையாக ஸ்கேலைத் தாழ்த்தினாள். "ஆட்டத்துல சொல்ற மாதிரி சொல்லணுமா சார், நெஜமாவே சொல்லணுமா?"

"நெஜமாவே சொல்லு கண்ணு. பயப்படாதே."

அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். "நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல சார். ஆட்டம் முதல் நாளே முடிஞ்சுபோச்சு. தினம் அரை மணி உங்களை வெளிய நிறுத்தி வெச்சாத்தான் எங்களால பாடம் படிக்க முடியுது."