நாற்பது கணினிகளும் ஒரு சுழியும்

ஒரு காட்டில், மூங்கில் சரிவின் கீழிருந்த பள்ளியின் கணினி அறையில், அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்: தலைமையாசிரியர் கடமான் கொம்பையா, ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகக் கணினி ஆசிரியராகவே இருந்துவந்த, உடலெங்கும் செதில் மூடிய அலங்கு செதிலப்பன், அறை முழுவதற்கும் கேபிள் இழுத்துக் கொடுத்த முள்ளம்பன்றி முள்ளம்மாள், ஆய்வு அலுவலர் புனுகுப்பூனை வாசநாதன், முயல்களும் அணில்களுமாக ஏழாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மர். பெயர்களை முதலிலேயே பதிந்துவைப்பது நல்லது. இத்தகைய காரியங்கள் நடந்து முடிந்த பின், அங்கு எவருமே இருந்ததில்லை என்பதுதான் வழக்கமாகத் தெரியவரும்.

அறையில் நாற்பது கணினிகள் இருந்தன. ஒன்றில் தமிழ் தெரியும், அடுத்ததில் கட்டம் கட்டமாகத் தெரியும். மூன்றாவதில் குரங்குகள் ஏற்றிவிட்டுப் போன விளையாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. எனவே நாற்பதிலும் ஒரே வகையான லினக்ஸ் இயங்குதளம் அமைய வேண்டும் என்று மேலிடம் ஆணையிட்டது. ஆணையை நிறைவேற்றினால் செதிலப்பனுக்குப் பணி நிரந்தரம். இல்லையேல் அவருடைய கோப்பு மூடப்படும். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கோப்பு இவ்வளவு தூரம் நகர்ந்தது அதுவே முதல் முறை.

செதிலப்பன் அவசரப்படும் பிறவி அல்லர். நாற்பதுக்கும் புறம்பாக, மேசைமேல் தாய்க் கணினி ஒன்றை வைத்து, அதில் எல்லாவற்றையும் செம்மையாக அமைத்தார். பின்பு அதை அப்படியே முழுமையாக நகலெடுத்துப் படிமமாக்கினார். மற்றக் கணினிகள் விழித்தெழும்போது கேபிள் வழியே அந்தப் படிமத்தைக் கேட்டுப் பெறும். தம்மிடம் இருந்ததை அழித்துவிட்டுத் தாயைப் போலவே ஆகிவிடும். வேலை எளிது. ஆபத்தும் அதில்தான் இருந்தது: தாயிடம் ஒரு பிழை இருந்தால் அது நாற்பது பிழையாகும். ஆகவே அவர் படிமத்தை முதலில் நாற்பதாம் கணினிக்கு மட்டும் அனுப்பி, மூன்று நாள் அதை ஓட்டிப் பார்த்தார். தமிழ் தெரிந்தது. படம் வரைய முடிந்தது. ஒரு முறைகூட நின்றுபோகவில்லை.

ஆய்வு நாளன்று காலை ஒன்பது மணிக்கு, நல்ல நேரம் பார்த்து, படிமத்தை அனுப்பிவைக்கத் தலைமையாசிரியர் வந்தார். தாய்க் கணினியின் திரையில் ஒரு கோப்பு திறந்திருந்தது. படிமத்தோடு சேர்ந்து போய், ஒவ்வொரு கணினியும் விழித்தவுடன் முதலில் படிக்கும் கோப்பு அது. கொம்பையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என்னப்பா செதிலப்பா, மேல சுழி போடலியா?"

"இல்லீங்க ஐயா. இது கடுதாசி இல்ல. மெஷின் படிக்கிறது."

"யார் படிச்சா என்ன? முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல சுழி இல்லாத தாள்ல நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. லீவு லெட்டரா இருந்தாலும் சரி, மெமோவா இருந்தாலும் சரி."

"ஐயா, முதல் வரியில ஒரு எழுத்து கூடினாலும் அதுக்குப் புரியாதுங்க."

"பிள்ளையார் புரியாத மெஷினா?" என்று கொம்பையா சிரித்தார். "உன் நிரந்தரக் கோப்புலயும் மேல சுழி போட்டுத்தான் அனுப்பி வெச்சேன். நகர்ந்துச்சா இல்லியா?"

கோப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் செதிலப்பன் விலகி வழிவிட்டார். தலைமையாசிரியர் தம் குளம்பாலேயே கோப்பின் உச்சியில் 'உ' என்று தட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், என்டரை அழுத்தினார்.

நாற்பது கணினிகளை எழுப்பினார்கள். முப்பத்தொன்பது கணினிகள் தாயிடமிருந்து படிமத்தைப் பெற்றுக்கொண்டன, தம்மை அழித்துக்கொண்டன, மீண்டும் விழித்தன, முதல் வரியைப் படித்தன. முப்பத்தொன்பது கறுப்புத் திரைகளில் ஒரே வாசகம் தோன்றியது: 'முதல் வரி புரியவில்லை. நிறுத்தப்பட்டது.'

நாற்பதாம் கணினி மட்டும் வண்ணத் திரையோடு மலர்ந்திருந்தது. அதன் பின்புறத்திலிருந்து முள்ளம்மாள் எழுந்து வந்தாள்.

"இதோட கேபிளை நான் உருவிட்டேன் வாத்தியாரே. பெரியவர் கீபோர்டுல குளம்பை வெச்சப்பவே இது வெளங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. மூணு நாளா ஒழுங்கா ஓடுற ஒண்ணாவது பொழச்சுக் கெடக்கட்டும்."

செதிலப்பன் தலைமையாசிரியரிடம் ஓடினார். "ஐயா, பெரிசா ஒண்ணும் ஆகலீங்க. அந்த எழுத்தை அழிச்சுட்டு மறுபடி அனுப்பினா இருபது நிமிஷத்துல சரியாயிடும். ஆபீசர் வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

கொம்பையா கொம்பை நிமிர்த்தினார். "சுழியை அழிக்கிறதா? போட்ட சுழியை எந்தக் கை அழிக்கும்? நீ அழிப்பியா?"

செதிலப்பன் தம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஆத்தங்கரை யானைங்களுக்குப் பிள்ளையார் குலசாமி. அவங்க காதுக்கு இது போச்சுன்னா இந்தக் கட்டடம் நிக்குமா?" என்றார் கொம்பையா.

"குடுங்க இங்க, நான் அழிக்கிறேன்," என்றாள் முள்ளம்மாள். "யானை வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். என் முள்ளு மேல உட்கார எடம் குடுத்தேன்னா அதுவே பேசாது."

"நீ கேபிள் ஆளு. கீபோர்டைத் தொட உனக்கு அதிகாரம் கிடையாது."

"தொட்டுக் கெடுக்க மட்டும் அதிகாரம் இருக்கோ?"

அதற்குள் நறுமணம் ஒன்று முன்னே வர, அதன் பின்னே ஆய்வு அலுவலர் வாசநாதன் வந்தார். மேலிடத்து ஆய்வுகள் எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாகவோ முன்னதாகவோதான் நடக்கும்.

கொம்பையா மாணவர் பக்கம் திரும்பினார். "உட்காருங்க எல்லாரும்! விரலை ஆட்டிக்கிட்டே இருங்க!"

மாணவர்கள் அமர்ந்தனர். முப்பத்தொன்பது பேர் கறுப்புத் திரைகளின் முன் மும்முரமாகத் தட்டினர். நாற்பதாவதில் அமர்ந்த அணில் மட்டும் ஒரு பலாப்பழம் வரைந்து, அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது.

வாசநாதன் படிவத்தை விரித்தார். முதற் கணினியைப் பார்த்தார், திரையிலிருந்த வாசகத்தைப் படித்தார், படிவத்தில் எழுதிக்கொண்டார். இரண்டாவதைப் பார்த்தார். பத்தாவதற்கு வந்தபோது அவர் முகத்தில் மலர்ச்சி தென்பட்டது. முப்பதாவதில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். ஒரு புள்ளி கூடக் குறையல. சார், பதினாறு பள்ளிக்கூடம் பாத்துட்டேன். இந்த ஒழுங்கை எங்கயும் பாக்கல."

கொம்பையா பணிவாகத் தலைகுனிந்தார். செதிலப்பனால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, எதுவும் ஓடலீங்களே?"

"ஓடுதான்னு கேக்குற கட்டம் இதுல இல்ல. அது வேற பிரிவு. இங்க கேட்டிருக்கிறது, 'எல்லாக் கணினிகளும் ஒரே நிலையில் உள்ளனவா?' அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் நாற்பதாவதன் முன் திடுக்கிட்டு நின்றார். "இது என்ன கோளாறு?"

"பலாப்பழம் சார்," என்றது அணில்.

"அது இல்ல. இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

"இதுதாங்க சரியா இருக்குறது," என்றார் செதிலப்பன். "மத்ததெல்லாம்..."

"முப்பத்தொம்பது தப்பு, ஒண்ணு சரின்னா சொல்றீங்க? எங்க எந்தக் கணக்குலயும் அப்படி வராதே." வாசநாதனின் பேனா 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் நின்றது. "நான் 'இல்லை'ன்னு எழுதிட்டா உங்க கோப்பு இன்னிக்கே மூடிடும். எத்தனை வருஷமாத் தற்காலிகம்?"

"ஒம்பதுங்க."

"ஆர்டர் என் பையிலதான் இருக்கு. இதையும் மத்ததைப் போலச் சரி பண்ணிடுங்க. நான் காத்திருக்கேன்."

உருவிய கேபிள் தரையில் கிடந்தது. செதிலப்பன் அதை நோக்கி நடந்தார். முள்ளம்மாள் முள்ளெல்லாம் விரித்துக் குறுக்கே நின்றாள்.

"வாத்தியாரே, இது ஒண்ணுதான் மிச்சம்."

"தெரியும்."

"மூணு நாளு பக்கத்துலயே உக்காந்து பாத்தது நீங்கதானே? சோறு கூட இங்கயே தானே சாப்பிட்டீங்க?"

"முள்ளம்மா, ஒம்பது வருஷம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன; வழி கிடைத்தது. செதிலப்பன் கேபிளை எடுத்துச் செருகினார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. சரியாகப் பொருந்தியதா என்று ஒரு முறை அசைத்தும் பார்த்தார். கணினியை அணைத்து எழுப்பினார். பலாப்பழம் மறைந்தது. நாற்பதாம் திரையும் கறுத்து, முதல் வரி புரியவில்லை என்றது.

"எங்க சார் போச்சு?" என்று கேட்டது அணில். பின்பு அதுவும் மற்றவர்களைப் பார்த்து விரல்களை ஆட்டத் தொடங்கியது.

வாசநாதன் 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டார். பையிலிருந்து ஆணையை எடுத்து உரக்க வாசித்தார். செதிலப்பன் இன்று முதல் நிரந்தர ஆசிரியர்; காட்டிலுள்ள மற்றப் பதினாறு பள்ளிகளுக்கும் இதே படிமத்தை அனுப்பிவைக்கும் பொறுப்பும் அவருடையதே. மாணவர்கள் கைதட்டினர். தலைமையாசிரியர் மாலை போட்டார். செதிலப்பன் மாலையும் கழுத்துமாக முள்ளம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஒரு வார்த்தை சொல்லேன், முள்ளம்மா."

எந்தப் பேச்சுக்கும் மறுபேச்சு வைத்திருந்தவள் அவள். தன் இடுக்கியைப் பையில் போட்டாள். மீந்திருந்த கேபிளைச் சுருட்டித் தோளில் மாட்டினாள். நாற்பது திரைகளையும் கடந்து வெளியே நடந்தாள்.

நீதி: ஒரு கணினி கெட்டால் அது பழுது; நாற்பதும் கெட்டால் அது ஒழுங்கு. ஆகவே, பணி நிரந்தரம் வேண்டுவோர் ஓடிக்கொண்டிருப்பதை உடனே நிறுத்துக.